செவலை ஏறாத கதவு

சங்ககிரி ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று. அதன் மேஸ்திரி பாவாயி. முப்பதைத் தாண்டிய பெண். அதிகம் பேச மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

போகாமல் நின்றவர் செங்கோடன். ஐம்பது வயது. குதிரை வளர்க்கிறவர்.

“எனக்கு வெல்டிங் சொல்லிக் குடுங்க மேஸ்திரி,” என்றார்.

“இந்த வயசுலயா?”

“கதவு ஒண்ணு செய்யோணும். என் கையாலயே செய்யோணும்.”

அவரிடம் செவலை என்று ஒரு பெண் குதிரை. அதைக் கொண்டுபோக, இரண்டே சக்கரம் உள்ள பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்றை வாங்கி, சுற்றித் தகரம் அடித்து, மேலே கூரை போட்டு, கூண்டு வண்டியாக அவரே கட்டியிருந்தார். பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே ஏறும் பலகை. அந்தக் கதவுக்கு மட்டும் யாரோ ஒரு வெல்டரைக் கூப்பிட்டார். ஒரு நாள் செவலை பாதி ஏறியிருந்தபோது கீல் பிய்ந்தது. கதவின் விளிம்பு பின்னங்காலைக் கிழித்துவிட்டது.

“அடுத்தவன் கைய நம்பி ஒருக்கா கெட்டது போதுமுங்க,” என்றார் செங்கோடன்.

பாவாயி ஒரு வெல்டிங் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

டிராக்டரும் டிரெய்லரும் பட்டறைக்கு வந்து நின்றன. செங்கோடன் சீக்கிரமே கற்றுக்கொண்டார். சட்டம் கட்டினார், தகடு அடித்தார், தடித்த கீல் வைத்தார். புதுக் கதவு தயாரானது.

“தாங்குமுங்களா மேஸ்திரி?”

பாவாயி சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிக் கேட்டார்.

“தாங்கும். செவலையக் கூட்டிட்டு வாங்கண்ணா.”

செங்கோடன் கூட்டிவரவில்லை. வீட்டுக்குப் போனார். செவலையின் காலைப் பார்த்தார். வீக்கம் இருந்தது. மறுநாள் காலையில் தோளில் ஒரு தடித்த சேனல் இரும்போடு வந்தார். கதவுக்குக் குறுக்கே அதை வைத்துப் பற்றவைத்தார்.

“இப்பத் தாங்குமுங்களா?”

“தாங்கும். செவலையக் கூட்டிட்டு வாங்க.”

அவருக்கு உட்கார முடியவில்லை. டீ வந்தால் நின்றுகொண்டே குடித்தார், அதிலும் பாதியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். கதவைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக் குதித்தார். சிமெண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினார். பெயிண்டர் மயிலனின் மொபெட்டைக் கேட்டு வாங்கி, முறுக்கிக்கொண்டு கூண்டுக்குள் ஏறி இறங்கினார். கதவு அசையவில்லை. அவர் முகமும் தெளியவில்லை.

“தாங்கும்னு தோணுது,” என்றார் பாவாயியிடம். “ஆனா குதிரை மொபெட் இல்லீங்களே.”

“அதத்தான் நானும் சொல்றேன். கூட்டிட்டு வாங்க.”

“மறுபடி அது கால வெச்சு, மறுபடி ஒண்ணு ஆச்சுன்னா? உறுதியாத் தெரியாம எப்படிங்க கூட்டிட்டு வர்றது?”

பாவாயி கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார்.

ஊருக்கு வரும் மாட்டு டாக்டர் காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “சீழ் உள்ள போகுதுங்க. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. எலும்பத் தொட்டுருச்சுன்னா அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

செங்கோடன் அன்றைக்கு இன்னொரு தகடு வாங்கினார். பழைய தகட்டின்மேல் அதை அடித்தார். மறுநாள் அடியில் இரண்டு ஆங்கிள் இரும்பு. அதற்கும் மறுநாள் மூலைக்கு மூலை முக்கோணத் துண்டுகள். கதவைத் தூக்கிச் சாத்த இப்போது நாலு ஆள் வேண்டியிருந்தது.

மயிலன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்ணா, இது குதிரை வண்டிக் கதவுங்களா, மேட்டூர் டேம் மதகுங்களா?” என்றான். “தண்ணி தொறக்கறப்ப சொல்லுங்க, ஊரைக் காலி பண்ணிக்கறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடன் சிரிக்கவில்லை. கதவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

அப்போது அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. காலையிலிருந்து செவலை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லையாம்.

செங்கோடன் ஓடிப்போய் வெல்டிங் ஹோல்டரை எடுத்தார்.

“மேஸ்திரி, இன்னும் எவ்வளவு இரும்பு போட்டாப் போதும்னு சொல்லீருங்க. இன்னைக்கே முடிச்சுடறேன்.”

பாவாயி வந்து மெஷினை அணைத்தார்.

“இரும்பு தீந்து போச்சுங்கண்ணா.”

“அங்க கட்டுக் கட்டாக் கெடக்குதே!”

“அது பட்டறை இரும்பு. உங்களுது தீந்து போச்சு. கூட்டிட்டு வாங்க.”

செங்கோடன் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

செவலை மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தது. பாவாயி கையைத் தூக்கினார். கிரைண்டர்கள் நின்றன. அத்தனை நாளில் முதல்முறையாகப் பட்டறையில் சத்தமில்லை.

கதவு சாய்ந்து கிடந்தது. செவலை அதை மோந்து பார்த்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி மேலே வைத்தது. உடம்பை முன்னால் தள்ளியது. சட்டென்று தலையை உயர்த்தி, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

“பாத்தீங்களா!” என்றார் செங்கோடன். “அது நம்பமாட்டேங்குது. இன்னும் ஒரு சேனல் போட்டிருந்தா...”

“இன்னொருக்கா விடுங்க.”

செவலை மறுபடி கால் வைத்தது. மறுபடி தலையைத் தூக்கியது.

பாவாயி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவுக்குப் பயந்தா கதவையில்ல பாக்கோணும்?” என்றார். “இவ தலையத் தூக்கி கூண்டுக்கு அந்தப் பக்கமாப் பாக்கறாளே.”

அவர் கூண்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். டிரெய்லரின் மூக்கு டிராக்டர் கொக்கியில் மாட்டியிருக்கும் இடத்தில் குந்தினார்.

“அண்ணா, கயித்த மயிலங்கிட்டக் குடுத்துட்டு இங்க வாங்க. இந்த மூக்கு மேல கைய வையுங்க.”

செங்கோடன் வைத்தார்.

“மயிலா, விடு.”

பின்னால் செவலை கால் வைத்தது. செங்கோடனின் உள்ளங்கைக்குக் கீழே இரும்பு மூக்கு எகிறியது. கொக்கியில் போய் மோதி, டக் என்றது. செவலை காலை எடுத்துக்கொண்டதும் மறுபடி டக்கென்று கீழே விழுந்தது.

கதவுமேல் பாரம் ஏறும்போதெல்லாம் வண்டியின் வால் அமுங்கியது. மூக்கு மேலே போனது. நடுவில் கீல் முறுக்கிக்கொண்டது. பழைய கீல் பிய்ந்ததும் அப்படித்தான். அவர் சேர்த்துக்கொண்டே போன இரும்பெல்லாம் அந்த வாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

செங்கோடன் கையை எடுக்கவில்லை.

“நான் குதிச்சப்ப இந்தச் சத்தம் கேக்கலையே,” என்றார்.

“கிரைண்டர் ஓடிட்டு இருந்துச்சு.”

அவர் எழுந்து கட்டிங் மெஷினை எடுத்தார். தான் ஒட்டிய ஆங்கிளைத் தானே அறுத்தார். சேனலை அறுத்தார். மேல் தகட்டைப் பிரித்தார். பாவாயி அதற்குள் இரண்டு தடிக் குழாய்களை வெட்டி, வண்டியின் வாலுக்கு அடியில் இறக்கி மடக்குகிற மாதிரி முட்டுக்கால் வைத்தார். கதவின் இரண்டு பக்கமும் கடை ஷட்டரில் வரும் ஸ்பிரிங்கைக் கோத்தார். மயிலன் பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டு வந்தான்.

“பெயிண்டு நாமக்கல் போயிட்டு வந்து அடிச்சுக்கலாம் போடா,” என்றார் செங்கோடன்.

முட்டுக்கால்களைத் தரையில் ஊன்றினார்கள். செவலை கால் வைத்தது. நின்றது. காதைக் கூராக்கிக் கேட்டது.

எந்தச் சத்தமும் இல்லை.

அடுத்த காலை வைத்தது. அப்புறம் நொண்டி நொண்டி, அவசரமே இல்லாமல், கூண்டுக்குள் போய்த் திரும்பி நின்றது.

செங்கோடன் கதவைப் பிடித்தார். நாலு ஆள் தூக்கிய கதவு ஒரு கையோடு எழுந்து வந்து சாத்திக்கொண்டது. டாக்டருக்குப் போன் போட்டார். அவர் ஆஸ்பத்திரியில் கேட்டுச் சொன்னார்: இன்றைக்கே வந்தால் பார்த்துவிடலாமாம்.

முட்டுக்கால்களை மடக்கினார்கள். செங்கோடன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகப் போனவர் நிறுத்தினார்.

“மேஸ்திரி, மொத நாள் செஞ்ச கதவே போதுமுங்களா?”

“போதும்.”

“இந்த மூக்கு விசயம் உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமயா தெனமும் கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னீங்க?”

பாவாயி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தார்.

“தெரிஞ்சிருந்தா எதுக்குங்கண்ணா கூட்டிட்டு வரச் சொல்றேன்?”