இன்னொரு மூக்கன்

கருவநல்லூர் ஜமீன்தாருக்குத் தினமும் சவரம் செய்கிறவன் பெயர் மூக்கன். ஒருநாள் பாதிச் சவரத்தில், பக்கத்தில் இருந்த விருந்தாளிகள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். ஜமீன்தாருக்கு மானம் போனது.

“மூக்கன் என்று பெயருள்ள எவனும் இனி இந்த அரண்மனையில் இருக்கக் கூடாது. வெளியே போ!” என்று கத்தினார்.

மூக்கன் கத்தியை மடக்கினான்.

“உத்தரவு எசமான். ஆனால் நான் மட்டும் போனால் போதாதே. இங்கே இன்னொரு மூக்கனும் இருக்கிறாரே!”

“யாரடா அவன்?”

“மூத்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி, மூக்கன் என்று கூப்பிடுவார்கள். குறையுள்ள பிள்ளை என்று எமன் தொடாமல் போய்விடுவானாம். எனக்கு அப்படித்தான் பெயர் வந்தது. அந்தத் தழும்பு லேசில் மறையாது எசமான்.”

சொல்லிக்கொண்டே கண்ணாடியை ஜமீன்தார் முகத்துக்கு நேரே பிடித்தான். வலது மூக்கில் கடுகளவு தழும்பு தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்து நின்ற தாயாரை ஜமீன்தார் திரும்பிப் பார்த்தார்.

“இரண்டைப் பறிகொடுத்த பிறகு பிறந்தவனப்பா நீ. ஐந்து வயசு வரைக்கும் உன்னையும் மூக்கா என்றுதான் கூப்பிட்டேன்” என்றாள் அவள்.

ஜமீன்தார் மூக்கைத் தடவிக்கொண்டு, பாதித் தாடியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

“சரி, இரண்டு பேரும் இருந்துவிட்டுப் போவோம். மீதியைச் சிரை” என்றார்.