மூலைக்கு மூலை எட்டடி

போடியில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை.

இலவம்பஞ்சு மெத்தை தைக்கும் ஜெய்த்தூன், மகளின் படிப்புக்காக நாகேந்திரன் கடையில் டேப்லெட் வாங்கினாள். கடையில் காட்டியது புத்தகம் போல அகலமாக இருந்தது. வீட்டில் பெட்டியைப் பிரித்தால், உள்ளே ஒடுங்கலாக, நீளமாக வேறொன்று. பாடப்பக்கம் அதற்குள் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பு எறும்பாகத் தெரிந்தது. பிள்ளை படிக்க முடியாமல் அழுதது.

மாற்றிக் கேட்டதற்கு நாகேந்திரன் சிரித்தார்.

"பத்து இஞ்சு கேட்ட, பத்து இஞ்சு குடுத்தேன். திரையை மூலைக்கு மூலைதான் அளக்கணும் தாயி. உலகமே அப்படித்தான் அளக்குது. பஞ்சு அடைக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்?"

"புரிஞ்சிருச்சு முதலாளி" என்று போய்விட்டாள்.

நாகேந்திரன் மகளுக்குத் தலைதீபாவளி வந்தது. "புது மாப்பிள்ளை வர்றாரு. எட்டடி மெத்தை வேணும், ஊரே பாக்கணும்" என்று ஜெய்த்தூனுக்கே சொல்லியனுப்பினார்.

மெத்தை வந்தது. உறவினர் கூடி நிற்க விரித்தால், அகலம் ஒன்றரை அடி. கட்டிலில் நாடா போலக் கிடந்தது.

"என்னம்மா இது, பாம்புக்கா தச்ச?"

"மூலைக்கு மூலை அளங்க முதலாளி, எட்டடி சரியா இருக்கும். உலகமே அப்படித்தான் அளக்குதாமே!"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பொழுது சாய்வதற்குள் அகல டேப்லெட் ஜெய்த்தூன் வீட்டுக்குப் போனது, அகல மெத்தை நாகேந்திரன் வீட்டுக்கு வந்தது.

எனக்கு இதைச் சொன்னவர் அந்த மாப்பிள்ளைதான். கைச்சரக்கு என்றே நினைத்திருந்தேன். போன மாதம் அவர் வீட்டில் அந்த ஒல்லி மெத்தையை, அதன்மேல் நெருக்கிப் போட்ட இரண்டு தலையணைகளோடு, கண்ணால் பார்த்த பிறகு கேட்டேன்:

"அகல மெத்தை வந்த பிறகும், இதை ஏங்க நீங்க ரெண்டு பேரும் திருப்பிக் குடுக்கலை?"