ரெண்டு கிலோ ட்ரௌட்

“இந்த ஓடையில மீன் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லும்மா.”

தாத்தா இதைக் கேட்டபோது அவருடைய தூண்டில் அத்தையின் கொண்டையில் மாட்டியிருந்தது.

ஜெனோவாக்கா அத்தையின் பின்னால் வந்து நின்றார். கொண்டையிலிருந்து முள்ளைக் கழற்றினார். ஒட்டியிருந்த முடியை ஊதினார். தாத்தாவின் கையில் கொடுத்தார்.

“இருக்கு ஐயா. இங்க இல்ல,” என்று அத்தையின் தலையைக் காட்டினார்.

முதல் நாளே அது நாலாவது தடவை. பெற்ற அப்பா என்பதால்தான் இவ்வளவு நேரம் பொறுத்தேன் என்று சொல்லிவிட்டு அத்தை தூரத்தில் ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் நாலு பேர். தாத்தா, அவர் மகனான என் அப்பா, மகளான என் அத்தை, நான். நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் ஒரு விடுதியில் மூன்று நாள் லீவு. மீன் பிடிக்கச் சொல்லித்தருவதும் விடுதி வாடகையில் சேர்ந்தது என்று அப்பா கண்டுபிடித்திருந்தார். வாடகையில் சேர்ந்தது என்றால் எங்கள் வீட்டில் யாரும் விடமாட்டார்கள். பிடிக்காவிட்டாலும் செய்வார்கள்.

சொல்லித்தருபவர் ஜெனோவாக்கா. முப்பது வயது இருக்கும். முட்டிவரை கம் பூட்ஸ். பாதிக் கேள்விக்கு அவரிடமிருந்து வாயால் பதில் வராது.

இது மண்புழுவை மாட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற வேலை இல்லை. முள்ளில் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றைத்தான் வீச வேண்டும். முதலில் தலைக்குப் பின்னால். கயிறு பின்னால் போய் முழுசாக நீளும்வரை கோலை அசைக்காமல் நிற்க வேண்டும். அப்புறம் முன்னால். நிற்காமல் வீசினால் சாட்டை மாதிரி சுளீர் என்று சத்தம் வரும். மீன் ஓடிவிடும். மனிதர்கள் மாட்டுவார்கள்.

தாத்தாவுக்கு நிற்க வராது.

அவர் முப்பத்திநாலு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். நிற்கிற பஸ்ஸைக் கிளப்புவதுதான் வேலை. ரிட்டயர் ஆகிப் பதினாலு வருஷம் ஆகிறது. இன்னும் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ ரெண்டு நிமிஷம் நின்றால் கூட அவர் வெளியே வந்து பார்ப்பார்.

ஆனால் இந்த அவசரத்துக்கு வேறு காரணம் இருந்தது. ஞானமுத்து.

ஞானமுத்து கண்டக்டர். அவரும் ரிட்டயர்ட். அவருடைய பஸ் நாலு நிமிஷம் லேட்டாக வந்தால் தாத்தா ரிஜிஸ்டரில் நாலு என்றுதான் எழுதுவார். ரெண்டுன்னு போடுங்கண்ணே என்று அவர் கெஞ்சுவாராம். நடக்காததை எழுத மாட்டேன் என்பாராம் தாத்தா. ஞானமுத்துவுக்கு இப்படியே மூணு மெமோ.

இப்போது ரெண்டு பேரும் ஒரே வாக்கிங் குரூப்.

முந்தின நாள், வந்த அன்று சாயங்காலம், தூண்டிலைக் கண்ணால் கூடப் பார்ப்பதற்கு முன்னால், தாத்தா டீ குடித்துக்கொண்டே போனில் அந்தக் குரூப்பில் போடச் சொல்லி ஒரு வரி சொன்னார். நான் தட்டினேன். ‘ஊட்டி மலையில் ட்ரௌட் மீன் பிடித்தேன்.’ எத்தனை கிலோ என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“போடு, ரெண்டு.”

ஒரு நிமிஷத்தில் ஞானமுத்துவிடமிருந்து பதில் வந்தது. “போட்டோ போடுங்கண்ணே.”

அதற்குக் கீழே பதினோரு பேர் கைதட்டியிருந்தார்கள். கைதட்டிவிட்டு அவர்களும் போட்டோ கேட்டிருந்தார்கள்.

தாத்தா அன்று இட்லியைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் வாக்கிங் போக வேண்டும். நடக்காததை எழுதியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, அதுவும் ஞானமுத்து கண்ணில் படுகிற மாதிரி, என்றார். ஊருக்குப் போவதற்குள் ஒரு மீன் பிடித்துவிட்டால் அது நடந்ததாகிவிடும். தேதி மட்டும்தான் முன்னே பின்னே.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ரெண்டாம் நாள் ஜெனோவாக்கா தாத்தாவைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். முள் இல்லாத வெறும் கயிறு. தாத்தா பின்னால் வீசினார். உடனே முன்னால் இழுத்தார். கோல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் கயிற்றின் நுனியை ஜெனோவாக்கா பிடித்துக்கொண்டு நின்றார்.

“விடும்மா.”

விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விட்டார். மறுபடி தாத்தா வீசினார், மறுபடி ஜெனோவாக்கா பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு மணி நேரம். பார்க்கிற எனக்கே கை வலித்தது.

கடைசியில் தாத்தா கோலைக் கீழே வைத்தார்.

“ரெண்டு செகண்டா, மூணு செகண்டா? கணக்கச் சொல்லிட்டா நான் பிடிச்சுக்குவேன்.”

“கயிறு போய்ச் சேர்ற நேரம் ஐயா.”

“அது எத்தன?”

“ஒவ்வொரு தடவையும் வேற.”

“அப்ப அது டைமே இல்ல,” என்றார் தாத்தா.

அப்பா இடையில் புகுந்து, மணிக்கட்டை மடக்கக் கூடாது, தோளை இறக்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்ததை எல்லாம் சொன்னார். அப்பா ரெண்டு நாளில் ஒரு தடவை கூடத் தண்ணீரில் வீசியிருக்கவில்லை. தப்பாக வீசிப் பழகிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாதாம்.

மத்தியானம் ஓடைக்கு வந்தோம். மண்புழுவாவது மாட்டிக் கொடு என்று தாத்தா கேட்டார். மண்புழு போட்டால் மீனுக்கு வாயில் ஏதாவது மிஞ்சும். இறகையும் நூலையும் சுற்றி ஏமாற்றினால் எந்த மீன் வரும் என்றார்.

ஜெனோவாக்கா அந்தப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“பொய்தான் ஐயா. வரும். ஓங்கி அடிச்சா வராது. சத்தமில்லாம விழணும்.”

தாத்தா என்னை முறைத்தார். குரூப் விஷயம் எதையும் நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். உண்மையில் சொல்லவில்லை.

அப்போது பாறைப் பக்கம் ஒரு அலறல். அத்தை பிடித்துவிட்டார். எப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. கொசு அடிப்பதற்காகக் கோலைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்தாராம். மீனைப் பார்த்ததும் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டார். நாங்கள் ஓடிப்போவதற்குள் மீன் முள்ளைவிட்டுப் போயிருந்தது.

ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தால் நான் கையில் வைத்துப் போட்டோ எடுத்திருப்பேனே என்று தாத்தா கத்தினார். நான் பிடித்த மீனை நீங்கள் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தை கேட்டார்.

ஊட்டி மார்க்கெட்டில் ஒரு மீன் வாங்கிவிடலாம் என்றார் அப்பா. தாத்தா யோசித்தார். எனக்கு அதுதான் ஆச்சரியம், அவர் யோசித்தார். அப்புறம், ஞானமுத்து வாரத்தில் அஞ்சு நாள் மீன் தின்கிறவன், சங்கராவுக்கும் ட்ரௌட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஜெனோவாக்கா கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தாத்தா அவர் பக்கத்தில் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். ரிஜிஸ்டர், மெமோ, குரூப், ரெண்டு கிலோ, எல்லாம். நான் பூட்ஸ் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“நாளைக்குப் பதினோரு மணிக்குக் கிளம்பறோம். இங்க ரெண்டு கிலோ மீன் சிக்குமாம்மா?”

ஜெனோவாக்கா கையை விரித்தார். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை காட்டினார்.

“இந்த ஓடையில இவ்ளோதான் ஐயா வளரும்.”

தாத்தா தன் கையையும் விரித்துப் பார்த்தார். அப்புறம், காலையில் ஆறு மணிக்கு வரட்டுமா என்று கேட்டார்.

மூணாம் நாள். பனி. தாத்தா மங்கி குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி முட்டியளவு தண்ணீரில் நின்றார். கையில் வாட்ச் இருந்தது, பார்க்கவில்லை. அத்தை முன்யோசனையாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது மணிவரை ஒன்றும் இல்லை. ஒன்பதரைவரை ஒன்றும் இல்லை. அப்பா பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு வந்தார். போதும் வாங்க தாத்தா, குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம், நான் எடுத்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

பின்னால் வீசினார். இந்தத் தடவை கழுத்தைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தார். அது பனிக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. முழுசாக நீண்டு நின்றது. தாத்தாவும் நின்றார்.

அப்புறம் முன்னால் வீசினார். சத்தமே இல்லை. பூச்சி தண்ணீரில் விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை.

மீனுக்குத் தெரிந்தது.

வீடியோவில் பார்த்தது அத்தனையையும் அப்பா ஒரே மூச்சில் கத்தினார். தாத்தா அதில் எதையும் செய்யவில்லை. மீன் ஓடினால் விட்டார், நின்றால் இழுத்தார். ஜெனோவாக்கா தண்ணீருக்குள் இறங்கி வலையைக் கீழே பிடித்தார்.

ஜெனோவாக்கா கையில் காட்டிய அதே நீளம். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. விலாவில் ரோஸ் கலரில் ஒரு கோடு. ரெண்டு கிலோவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஜெனோவாக்கா முள்ளைக் கழற்றினார். கையை நனைத்துக்கொள்ளுங்க ஐயா, தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடிங்க, அதோட மூக்கு தண்ணீர் வர்ற பக்கம் இருக்கட்டும், தெம்பு வந்ததும் அதுவே போகும் என்றார். தாத்தா குனிந்தார். வேட்டி நனைந்தது. அவர் ரெண்டு கைக்கும் நடுவில் அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

“அப்பா, மேல தூக்குங்க,” என்று அப்பா போனை நீட்டினார்.

இதைப் போட்டால் ஞானமுத்து செத்தாலும் விடமாட்டார் என்றார் அத்தை. இது மீனா, மீன்குஞ்சா?

ஜெனோவாக்கா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினார். தாத்தாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, மீன எடுத்து கேமரா பக்கம் நீட்டுங்க. கை மறையட்டும். வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க. ரெண்டு கிலோவுக்கு மேலயே தெரியும்.”

தாத்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

“ரெடியா ஐயா?”

தாத்தா குனிந்து மீனைப் பார்த்தார்.

“நீட்டுங்க ஐயா.”

அவர் நீட்டவில்லை. “இருக்கற அளவுலயே எடும்மா,” என்றார்.