மைனாவிடம் சொன்ன முகவரி

மலைச்சோலை ஒன்றில் சொக்கு என்ற மைனா வரன் பார்க்கும் தொழில் நடத்திவந்தான். அவனிடம் வருகிறவர்கள் இருவாச்சிப் பறவைகள். குறிப்பாக, பெண் இருவாச்சிகள்.

இருவாச்சிப் பெண்ணுக்குக் கல்யாணம் விளையாட்டுக் காரியம் இல்லை. முட்டையிடும் காலத்தில் அவள் ஒரு மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுத்தான் மிஞ்சும். கணவன் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. ஆள் சரியில்லை என்றால் பட்டினி. பொந்து இருக்கும் இடம் வேண்டாதவனுக்குத் தெரிந்துவிட்டால் அதைவிட மோசம்.

இதெல்லாம் சொக்குவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தினமும் உச்சிக்கிளையில் நின்று, "பெண்களின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு! கட்டணம் கிடையாது!" என்று கூவுவான்.

சிவப்பி என்ற இருவாச்சிப் பெண் அவனிடம் போனாள். சொக்கு கேள்விகளை ஆரம்பித்தான்.

"எந்த மரத்தில் தங்குகிறீர்கள், அம்மணி?"

"வரன் பார்க்க அது எதற்கு?"

"உங்கள் பாதுகாப்புக்காகத்தான். பொந்து வாசல் எந்தப் பக்கம்?"

சிவப்பி மரத்தைச் சொல்லிவிட்டு, "கிழக்கே" என்றாள்.

"தனியாக இருக்கும் நேரம்?"

"அந்தி வேளை. அதுவும் பாதுகாப்புக்கா?"

"அதுதானே முக்கியம். நீங்கள் எப்போது தனியாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே நாங்கள் கவலைப்பட முடியும்."

வரன்கள் வந்தன. சிவப்பி வேண்டாம் என்று சொன்ன ஒருவன், மறுநாளிலிருந்து விடியும்போதே அவள் மரத்துக்கு எதிர்க்கிளையில் வந்து உட்கார்ந்தான். அவள் முறையிட்டபோது சொக்கு, "உங்கள்மேல் அவ்வளவு பிரியம். எல்லோருக்கும் இது அமையாது" என்றான்.

ஒருவழியாக நல்லவன் ஒருவன் கிடைத்தான். சிவப்பி பொந்துக்குள் போய், வாசலை அடைத்து, முட்டையிட்டாள். ஓர் அந்தியில் கணவன் பழம் தேடிப் போயிருந்தபோது, ஒரு மரநாய் அந்த மரத்துக்கு வந்தது. அது தேடவும் இல்லை, மோப்பம் பிடிக்கவும் இல்லை. நேராகக் கிழக்குப் பக்கம் ஏறி, மழையில் இளகியிருந்த மண்சுவரைப் பிறாண்டிப் பிளந்தது. சிவப்பி அலகால் கொத்தி உயிர் தப்பினாள். முட்டை தப்பவில்லை.

சிவப்பியின் தோழி நாச்சியும் அப்போது வரன் தேடிக்கொண்டிருந்தாள். இருவருமாகச் சொக்குவிடம் நியாயம் கேட்கப் போனார்கள்.

சொக்கு வருத்தத்தோடு தலையைச் சாய்த்தான். "ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பேன். நீங்கள் சொல்லவே இல்லையே."

"சொல்ல வேண்டும் என்று நீ சொல்லவில்லையே" என்றாள் நாச்சி.

"நீங்கள் கேட்கவில்லையே, அம்மணி."

திரும்பும் வழியில் சிவப்பி, "நான்தான் விவரமில்லாமல் இருந்துவிட்டேன்" என்று அழுதாள். நாச்சிக்கு அது பொறுக்கவில்லை. முட்டையைத் தின்றது மரநாய். வழி சொன்னது மைனா. பழி மட்டும் இவளுக்கா?

மறுநாள் நாச்சி தனியாகச் சொக்குவிடம் போனாள்.

"எனக்கும் ஒரு வரன் பார். ஆனால் என் இடம் ரகசியமாக இருக்க வேண்டும்."

"ரகசியம் என்றால் ரகசியம்தான்" என்றான் சொக்கு.

"ஓடைக்கரைப் பலாமரம். மேற்குப் பார்த்த பொந்து. அந்தியில் தனியாகத்தான் இருப்பேன்."

அந்தப் பொந்தில் குடியிருந்தவை தேனீக்கள்.

அன்று மாலை நாச்சியும் சிவப்பியும் தள்ளி ஒரு மரத்தில் காத்திருந்தார்கள். வெயில் தணிந்ததும் மரநாய் வந்தது. பலாமரத்தில் மேற்குப் பக்கமாகவே ஏறியது. பொந்துக்குள் மூக்கை விட்டது. அடுத்த கணம் ஓடையில் விழுந்து, எழுந்து, வீங்கிய மூக்கோடு சொக்குவின் மரத்தடிக்கு ஓடியது.

"பெண் இருக்கிறாள் என்றாயே, தேனீயல்லவா இருக்கிறது! இதற்குத்தானா தினமும் உனக்குப் பழம் கொண்டுவந்து கொட்டுகிறேன்?"

சுற்றியிருந்த கிளைகளில் எல்லோருக்கும் அது கேட்டது. நாச்சி பறந்துவந்து சொக்குவின் எதிரே உட்கார்ந்தாள்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றாயே?"

"யாருக்கும் சொல்லவில்லை. நலம் விரும்பிகளுக்கு மட்டும்தான் சொன்னேன். இத்தனை அக்கறையாக உங்களை விசாரிக்கிறவர் வேறு யாராக இருக்க முடியும்?" சொக்குவின் குரல் தழுதழுத்தது. "தேனீ இருக்கும் இடத்தை உங்கள் இடம் என்று சொல்லிவிட்டீர்கள். என்னை இப்படி ஏமாற்றலாமா, அம்மணி?"

சில பெண்கள் அன்றோடு அவனிடம் போவதை நிறுத்தினார்கள். பலர் நிறுத்தவில்லை. கட்டணம் இல்லையே! சொக்குவும் தன் சேவையை மேம்படுத்திக்கொண்டான். கேள்விகளோடு, "பொந்தில் தேனீ உண்டா?" என்று இன்னொன்றைச் சேர்த்தான்.

காட்டின் நடுவே ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. பேச்சி என்ற கருமந்தி அங்கே இருந்தாள். அவளும் வரன் பார்ப்பாள். ஆனால் பேர்தான் பேச்சி, வாயைத் திறக்க மாட்டாள். விளம்பரமும் கிடையாது. அதனால் அங்கே கூட்டமும் கிடையாது. நாச்சி அவளிடம் போனாள். இந்த முறை கேள்விகளை நாச்சியே கேட்டாள்.

"என்னைப் பற்றி உனக்கு என்ன தெரிய வேண்டும்?"

"பேர்."

"உண்மைப் பேரா?"

"கூப்பிட ஒரு பேர் வேண்டும். எதுவானாலும் சரி."

"என் மரம்?"

"எனக்கெதற்கு? நான் என்ன குடிவரப் போகிறேனா?"

"நான் வேண்டாம் என்று சொன்னவன் என் பின்னால் வந்தால்?"

"நீ கண்ணுக்கு மறையும்வரை அவன் கிளையை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் இந்த மரத்துக்கே வர முடியாது."

"இதில் உனக்கு என்ன லாபம்?"

"நுனிக்கிளைப் பழம் எனக்கு எட்டாது. வரும்போதெல்லாம் ஒரு வாய் பறித்துக் கொடு."

முதலில் வந்தவனை நாச்சி வேண்டாம் என்றாள். பறந்துபோகும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் வாலின் மேல் பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கரியன் என்று ஒருவன் வந்தான். அதிகம் பேசாதவன். நல்ல பழமாகப் பார்த்து நாச்சி பக்கம் தள்ளினான்.

"எங்கே தங்குகிறாய்?" என்று கேட்டான்.

"இப்போது சொல்வதற்கில்லை."

நாச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வருமா, கெஞ்சுவானா, காரணம் கேட்பானா?

"சரி" என்றான் கரியன். "இன்னொரு பழம் சாப்பிடுகிறாயா?"

அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் அத்திமரத்திலேயே சந்தித்தார்கள். அவன் மறுபடியும் அதைக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு காலையில் நாச்சியே, "என்னோடு வா, என் மரத்தைக் காட்டுகிறேன்" என்றாள். பேச்சி அத்திப்பழத்தை மென்றபடி, அவர்கள் போகும் திசையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் பாதுகாப்புக்காக என்று சொல்லி உன் ரகசியங்களைக் கேட்பவரைவிட, அவற்றைக் கேட்காமலே உன் காரியத்தை முடித்துத் தருபவரே நம்பத் தகுந்தவர்.