பேச்சி காலியாக விட்ட இடம்

உட்காருங்கள். குழந்தைகள் முன்னால் வாருங்கள். பெரியவர்கள் வெற்றிலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ராஜாவின் ஆட்கள் வரி கேட்டு ஏறிவரவே பயந்த காலத்தில், மேகம் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற உயரத்தில், மூடுமலை என்று ஒரு மலை இருந்தது.

அந்த மலையில் மழை என்றால் நீங்கள் நினைக்கிற மழை இல்லை. ஐப்பசியில் பிடித்தால் தை பிறக்கும்வரை விடாது. வானம் இறங்கி மலைமேலேயே உட்கார்ந்துவிடும். கீழே ஆறு பொங்கி வழியை அடைத்துவிடும். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நனைந்த துணி அடுத்த வெயில் வரும்வரை நனைந்தே கிடக்கும். அந்த மழை பெய்யும்போது அங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். கோயிலுக்குள் நிற்பதுபோல் தணிந்த குரலில்தான் பேசுவார்கள்.

கூரை ஒழுகும். மண்சுவர் கசியும். பாறை மட்டும் கசியாது. அதனால் ஒவ்வொரு குடிசைக்கும் பின்னால் பாறையைக் குடைந்து ஓர் உக்கிராண அறை வைத்திருந்தார்கள். சின்ன அறைதான். ஒரு மாடு உள்ளே போனால் திரும்ப முடியாது, பின்னாலேயே நடந்துதான் வெளியே வரவேண்டும். மழைக்காலம் முழுவதும் ஒரு குடும்பம் சாப்பிட வேண்டியது அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

அந்த ஊரில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி, உழைப்பாளி. கொஞ்சம் பெருமைக்காரி. அவள் கொழுந்தன் பெண்டாட்டி பேச்சி, ஆற்றங்கரையில் பரிசல் ஓட்டுகிறவர் மகள். மாமியார் இருந்தவரை ஒரே உலை, ஒரே அறை. மாமியார் போன பிறகு அந்த ஆண்டுதான் அண்ணன் தம்பி தனித்தனியாக உலை வைத்தார்கள். மருதாயிக்குப் புருஷனும் மூன்று பிள்ளைகளும். பேச்சிக்குப் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் மாமனாரும். அங்கேயும் ஐந்து வாய், இங்கேயும் ஐந்து வாய்.

இப்போது அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் கதவடைப்பு என்று ஒரு நாள் உண்டு. ஊர் மொத்தமும் வீடு வீடாகப் போய் உக்கிராண அறைகளைப் பார்க்கும். கதவை ஒரே ஆள் சாத்தினால் அது ஏழை வீடு. இரண்டு ஆள் சாத்தினால் பரவாயில்லாத வீடு. மூன்று ஆள் தோள்கொடுத்து, மூச்சுப்பிடித்து, முக்கிச் சாத்தினால் அந்த வீட்டுக்காரிக்கு ஊரின் முதல் தாம்பூலம். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரண் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மருதாயி அந்தத் தாம்பூலத்துக்காகவே அறையை அடைத்தாள். கேழ்வரகு மூட்டை, சாமை மூட்டை, அவரைக்கொட்டைக் கூடை, காய்ந்த கிழங்கு, பூசணிக்காய், வீட்டில் யாருமே தொடாத கசப்புக் கொள்ளு. தரையிலிருந்து கூரைவரை, சுவரிலிருந்து கதவுவரை. எறும்பு போக வழியில்லை. கடைசியில் உப்புப் பானைக்கு இடமில்லாமல் போயிற்று. ஏணி வைத்து ஏறி, மூட்டைகளின் உச்சியில் அதைச் செருகினாள்.

மூன்று ஆட்கள் தோள்கொடுத்தார்கள். கதவு முனகிக்கொண்டே சாத்திக்கொண்டது. ஊர் குலவை போட்டது.

பிறகு பேச்சி வீட்டுக்குப் போனார்கள். பேச்சி சுண்டுவிரலால் தள்ளினாள். கதவு சாத்திக்கொண்டது.

மருதாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவைத் திரும்பத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு சுவரோரமும் பானைகளும் மூட்டைகளும் மரக்கட்டைமேல் அடுக்கியிருந்தன. உப்புப் பானை தனியாக ஒரு மூலையில், கீழே ஒரு சட்டியோடு இருந்தது. நடுவே, இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது.

"ஏண்டி பேச்சி, இந்த இடத்துல யாரு வந்து படுக்கப்போறா? மழை ராசாவா?"

"இல்லக்கா. பரிசல்ல பாரம் ஏத்தும்போது எங்கப்பா கால் வைக்க இடம் விட்டுத்தான் ஏத்துவாரு. தண்ணி உள்ள வந்தா நின்னு இறைக்கணும்ல?"

"இது பரிசலாடி? பாறை! அஞ்சு வாய்க்கு இது எப்படிக் காணும்?"

"கெடாம இருந்தா காணும்க்கா."

ஊர் சிரித்தது. பேச்சியின் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாள் மழை பிடித்தது.

மழை பிடித்துக் கொஞ்ச காலம் ஆனபோது மருதாயி வீட்டு அடுப்பு அணைந்துபோயிற்று. கங்கு வாங்கிவரப் பேச்சி வீட்டுக்குப் போனாள். பேச்சி உக்கிராண அறைக்குள் இருந்தாள். ஒரு சுவரோரத்துப் பானைகளை ஒவ்வொன்றாக வெறுந்தரைக்கு இழுத்து, மூடியைத் திறந்து, கைவிட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைத்துக்கொண்டிருந்தாள். உப்புக்குக் கீழே இருந்த சட்டியில் கசிந்து நின்ற தண்ணீரை வெளியே கொட்டினாள்.

"பானைக்குக் காது குத்துறியா, பொட்டு வைக்கிறியா?" என்று கேட்டுவிட்டு மருதாயி கங்கை வாங்கிக்கொண்டு போனாள். தன் வீட்டில் அவள் கதவோரத்தில் இருப்பதை மட்டும் எடுத்துச் சமைத்தாள். பின்னால் இருப்பதை எப்படிப் பார்ப்பது? போக வழி இருந்தால்தானே.

அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிடக் கனத்துப் பெய்தது. மார்கழி வந்தது.

ஒரு காலையில் மருதாயி முன்வரிசை மூட்டையை இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. கள்ளுப் பானையைத் திறந்ததுபோல் இருந்தது. அடுத்த மூட்டையைத் தொட்டாள். ஈரம். கையை உள்ளே விட்டாள். சூடு. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்ட மாதிரி சூடு. கைப்பிடி தானியத்தை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது.

உச்சியில் இருந்த உப்பு மழைக்காற்றில் இளகி, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருந்தது. மூட்டை மூட்டையாக நனைந்து, நனைந்தது வெந்து, வெந்தது அடுத்ததையும் சுட்டது. தை பிறக்க இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. ஆறு வழியை அடைத்திருந்தது. உள்ளே மூன்று பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

உலர்த்தினால் பாதியாவது பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். எங்கே உலர்த்துவது? குடிசைத் தரை சேறு. வாசலில் மழை. சொந்த அறையில் ஒரு முறம் வைக்க இடமில்லை.

நனைந்த மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனாள். "ஆத்தா, உங்க அறையில கொஞ்சம் பரப்பிக்கிறேன்." மேல்வீட்டுக்காரி கதவைத் திறந்து காட்டினாள். கூரைவரை அடைத்திருந்தது.

கீழ்வீட்டுக்குப் போனாள். கதவே திறக்கவில்லை. அன்று காலையில்தான் உள்ளே மூட்டைகள் சரிந்து முட்டி, தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது.

மூன்றாவதாக எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கால்தான் வரவில்லை. மழையில் நின்று அழுதாள். அழுதது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு மழை. பிறகு பிள்ளைகளை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பேச்சி கதவைத் திறந்தாள். மூட்டையைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை.

"முதல்ல உங்க அறையிலேர்ந்து அந்த உப்பை எறக்குங்க, அக்கா. அப்புறம் எல்லாத்தையும் இங்க கொண்டாங்க. நான் அடுப்பை மூட்டுறேன்."

வெறுந்தரையில் பாய் விரித்தார்கள். தானியத்தை விரல் தடிமனுக்குப் பரப்பினார்கள். நான்கு மூலையிலும் தணல் நிறைந்த சட்டிகளை வைத்தார்கள். பாறை சூட்டை மெல்லத்தான் வாங்கும், வாங்கினால் விடாது. அன்று முழுவதும் இரண்டு பேரும் குனிந்து குனிந்து தானியத்தைக் கிளறினார்கள். கால் வைக்க இடம் இருந்தது. நிமிர இடம் இருந்தது. கெட்டதைப் பொறுக்கி ஒதுக்க இடம் இருந்தது.

மறுநாள் மருதாயி உள்ளே வந்து தானியத்தை அள்ளினாள். அது அவள் கையிலிருந்து சலசலவென்று விழுந்தது.

கேட்டீர்களா? வெளியே வானமே உடைந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. மலை முழுவதும் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. நடுவில், பாறையின் வயிற்றுக்குள், காய்ந்த தானியம் சலசலக்கிறது. மருதாயிக்கு உடம்பு சிலிர்த்தது. அள்ளினாள், விட்டாள். திரும்ப அள்ளினாள், விட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. அவள் பார்வை தானியத்தை விட்டு அது கிடந்த தரைக்குப் போனது. எதுவுமே வைக்காத அந்தத் தரையைக் கண்டு அவளுக்குப் பயமும் பக்தியும் ஒன்றாக வந்தன. இரண்டு கையாலும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செய்தி பரவியது. மேல்வீட்டுக்காரி பதறிப்போய்த் தன் அறையைக் குடைந்து பார்த்தாள். அவள் சாமையும் சூடேறியிருந்தது. கீழ்வீட்டில் கதவை உடைத்துத் திறந்தார்கள். அவரையில் பூஞ்சணம். அந்த ஊரில் காற்றுப் புக வழியில்லாமல் அடைத்த அறை எதுவுமே நலமாக இல்லை.

ஒவ்வொரு வீடாக வந்தது. ஈரமாக வந்த மூட்டை உலர்ந்து போனது. அது போனதும் அடுத்தது வந்தது. இரண்டு பாய் அளவுள்ள அந்தத் தரை ஓயவே இல்லை. மருதாயி விறகு சுமந்தாள், தணல் மாற்றினாள், வரிசை பார்த்து ஆட்களை உள்ளே விட்டாள். எல்லாம் பிழைத்ததா என்றால் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கால்வாசி, அரைவாசி குப்பைக்குப் போயிற்று. கஞ்சி தண்ணியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மழையில் மூடுமலையில் ஒரு பிள்ளைகூடப் பசியில் சாகவில்லை. ஒரு சின்ன அறைக்குள், ஒன்றும் இல்லாத ஓர் இடம், ஓர் ஊரையே தூக்கி நிறுத்தியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கே மலைப்பாக இருக்கிறது.

மழை தணியத் தொடங்கிய நாளில் ஊர்ப்பெரியவர் ஒருவர் ஒரு மூட்டை உலர்ந்த கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு பேச்சி வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஆளுக்கொரு கூடையோடு ஊர் நின்றது. பேச்சி அப்போது ஆற்றைப் பார்க்கப் போயிருந்தாள்.

"எங்க உசிரைக் காப்பாத்தின பொண்ணு. அவ அறை இப்படி வெறுமையாக் கிடக்கலாமா? இன்னிக்கு இதை நிரப்பிட்டுத்தான் போவோம்" என்று சொல்லி, பெரியவர் மூட்டையை அந்த வெறுந்தரையில் இறக்கப் போனார்.

அறை வாசலில் மருதாயி குறுக்கே நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள்.

"எங்க வேணும்னாலும் வையுங்க, ஐயா. என் வீட்டுல வையுங்க, நான் தலையிலகூடத் தாங்கிக்கிறேன். இந்த இடத்துல மட்டும் வைக்காதீங்க. என் மூணு பிள்ளையும் இதுலதான் பிழைச்சுது."

பெரியவர் மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஊர் நின்றது. பிறகு ஒவ்வொருவராகக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள்.

கேட்ட கதைக்கு நீதி இதுதான்: வீட்டில் இடம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு கவனமாக அதில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவைக்க வேண்டும்.