தேரில் விட்டுப்போன பிள்ளைகள்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கு வாய் இருந்தது. வாய் இருந்து என்ன, கேட்கிறவனுக்குக் காது வேண்டாமா? சாத்தனுக்கு நல்ல காது. அப்படியிருந்தும் அந்த ஒரு நாள் அவன் கேட்கவில்லை.

சாத்தன் ஊர்த்தலைவனின் தேரைக் கழுவித் துடைக்கிறவன். அரக்குப் பூசிக் கறுகறுவென்று மின்னும் தேர் அது. நாலு பக்கமும் சன்னல், சன்னலுக்குக் கண்ணாடி. கிணற்றில் நீர் இறைத்து ஊற்றிக் கழுவுவான். தோளில் கிடக்கும் உலர்ந்த துணியால் உடனே ஒரு சொட்டு விடாமல் துடைத்து, துணியை மண்ணில் பிழிந்துவிடுவான். இது தலைவன் போட்ட உத்தரவு அல்ல. தண்ணீருக்கு அவன் கொடுத்த வாக்கு.

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கிணற்றுத் தண்ணீர் அவனிடம் சொல்லியிருந்தது: "சாத்தா, நாங்க பாறைக்கடியில குடியிருக்கிறவங்க. எங்க இடுப்புல பிள்ளைங்க இருக்கு. மாவு மாதிரி சின்னச் சின்ன சுண்ணாம்புப் பிள்ளைங்க, உன் கண்ணுக்குத் தெரியாது. மண்ணுல விழுந்தா பிள்ளையோட கீழ இறங்கிடுவோம். வெயில்ல விட்டியானா சூரியன் எங்களை மட்டும் தூக்கிக்கிட்டுப் போயிடுவான். பிள்ளையைத் தூக்க அவனுக்குத் தெரியாது."

"என் உசிரு இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்" என்றான் சாத்தன். மனதாரத்தான் சொன்னான்.

பங்குனி மாதம் ஒரு நாள் உச்சிவேளை. மறுநாள் தலைவன் வீட்டுக் கல்யாண ஊர்வலம். சாத்தன் தேரை வெளியே இழுத்து, பதினெட்டுக் குடம் ஊற்றிக் கழுவி முடித்திருந்தான். துணியை எடுக்கத் தோளில் கைவைத்த நேரம், பக்கத்து வீட்டு மாரி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அண்ணே! உன் மக எயினிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணு மேல சொருகுது. ஓடியா அண்ணே!"

போன கோடையில் இதே காய்ச்சல்தான் சாத்தனின் மனைவியைக் கொண்டுபோனது. எயினிக்கு ஆறு வயது. அவளைவிட்டால் அவனுக்கு யாரும் இல்லை. துணியையும் ஒரு குடம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

தேர்மேல் முத்து முத்தாக நின்ற துளிகள் கூப்பிட்டன: "சாத்தா, துடைச்சிட்டுப் போ!"

"வந்துடறேன், இதோ வந்துடறேன்."

"நிழலுக்காவது தள்ளிவிட்டுப் போ!"

ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும். எலுமிச்சை மரத்து நிழல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. சாத்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை சாகக் கிடக்கும்போது யார்தான் பார்ப்பார்கள்? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தேர் துடைக்கிற துணியை நனைத்து நனைத்து மகளின் நெற்றியில் போட்டான். குடம் காலியாகும்போது எயினி கண்ணைத் திறந்து, "அப்பா, பசிக்குது" என்றாள். சாத்தன் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

அப்போது அவன் கையிலிருந்த துணியின் ஈரம் மெதுவாகக் கேட்டது: "உன் பிள்ளை பிழைச்சுட்டா சாத்தா. எங்க பிள்ளைங்க கதி?"

சாத்தன் விழுந்தடித்துத் தேரிடம் ஓடினான்.

தேரில் ஒரு துளி தண்ணீர் இல்லை. கறுப்பு அரக்கிலும் கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு பிள்ளை. அம்மா விட்டுப்போன இடத்தைவிட்டு நகராமல், அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று மேலே சூரியனைப் பார்த்துக் கத்தினான்.

"எனக்குத் தூக்கத்தான் தெரியும். தூக்க முடியாததை விட்டுவிட்டுப் போவேன். அது உனக்கும் தெரியுமே" என்றான் சூரியன்.

துணியால் அழுத்தித் தேய்த்தான். அரக்கில் கீறல் விழுந்தது, பிள்ளைகள் அசையவில்லை. மறுபடி தண்ணீர் ஊற்றினான், அதற்கும் மசியவில்லை. கடைசியில் எலுமிச்சை மரம் ஒரு பழத்தைக் கீழே போட்டது. "பயத்துல கல்லாப் போன பிள்ளைங்க நல்ல பேச்சுக்கு இறங்காது. என் புளிப்பைத் தொட்டுப் பாரு. ஆனா அதையும் ஊறவிடாதே, உடனே அலம்பிடு" என்றது.

பிழிந்த சாற்றைத் துணியில் நனைத்து ஒற்றினான். ஒரு பெருமூச்சோடு வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. அவற்றை அலம்பி மண்ணில் இறக்கினான். பொழுது சாயும்வரை இதே வேலை. ஆனாலும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த கிணற்றடியில் அம்மாக்கள் இல்லை. அவர்கள் வானத்தில் இருந்தார்கள். கண்ணாடியைக் கடித்துப் பிடித்திருந்த சில பிள்ளைகளோ கடைசிவரை விடவே இல்லை.

தலைவன் மறுநாள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, கண்ணாடியில் பூமாலையைத் தொங்கவிட்டு ஊர்வலம் போனான். அவனுக்கு அதோடு போயிற்று. சாத்தன் கிணற்றில் எட்டிப் பார்த்து, "என்கிட்ட ஒரு வார்த்தை பேசு" என்று கெஞ்சினான். தண்ணீர் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு எந்த மனிதனிடமும் திறக்கவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. சாத்தன் நனைந்துகொண்டே தேரின் பக்கத்தில் நின்றான். வானத்துக்குப் போன அம்மாக்கள் இறங்கிவந்து கண்ணாடி முழுக்கத் தடவித் தடவித் தேடினார்கள். "இதோ, இங்கதான் இருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினான். பிள்ளை கல்லாகிப் போயிருந்தது. அதற்கு அம்மாவைத் தெரியவில்லை. தொட்ட துளி சற்று நின்றது. அப்புறம் வழிந்து போய்விட்டது. சாத்தன் வாய்விட்டு அழுதான்.

இன்றைக்கும் கார் கழுவுகிறவர்கள் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவதும், காய்வதற்குள் துணியை எடுத்துக்கொண்டு ஓடுவதும், மீறிப் படிந்த வெள்ளைத் திட்டுக்குப் புளிப்பைத் தேடுவதும் அந்த உச்சிவேளையிலிருந்து வந்த பழக்கம். மழை ஓய்ந்த பின் கார்க் கண்ணாடியில் ஒரு துளி வழியாமல் கொஞ்ச நேரம் தயங்கி நிற்கிறதே, அன்று முதல்தான் அது அப்படி நிற்கிறது.