பல்லக்கு போகாத ஊர்

ஒரு காலத்தில் புலிக்குன்ற நாட்டை விசயவேலன் என்றொரு ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. திடீரென்று ஒருநாள் அவருக்கு ஊஞ்சல் மண்டபம் கட்டும் ஆசை வந்துவிட்டது. பாதை போட வைத்திருந்த கல்லையும் ஆளையும் அதற்குத் திருப்பிவிடலாமா என்று சபையைக் கூட்டிக் கேட்டார்.

கேட்கணுமா! பாதை அதிகாரி சிங்காரவேளார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு எழுந்தார்.

"தாராளமாகக் கட்டலாம் மகாராசா. நானே நூறு ஊர் போய்ப் பார்த்துவிட்டேன். எந்த ஊரிலும் பாதையில் ஒரு பள்ளம்கூட இல்லை. நூற்றுக்கு நூறு!"

சபை "ஆகா!" என்றது. ஓரமாக நின்ற மருத்துவச்சி பொன்னுருவி முன்னால் வந்தாள். போன மழையில் ஓடை வெள்ளம் வடியட்டுமென்று அவள் இக்கரையில் காத்துக்கிடக்க, அக்கரையில் கூழைப்பாறையிலே ஒரு தலைப்பிரசவக்காரி செத்தே போனாள். ஒரு கல்பாலம் கேட்டுத்தான் ஊரார் பொன்னுருவியை அனுப்பியிருந்தார்கள்.

"ஐயா, கூழைப்பாறைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"அங்கே எப்படியம்மா பல்லக்கு வரும்? பாதையே இல்லையே!" என்று எரிந்து விழுந்தார் வேளார்.

சபையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ராசாவோ ஊஞ்சல் பலகைக்குத் தேக்கா, பலாவா என்று தச்சரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். போச்சு, பாலம் போச்சு!

அந்த நேரம் பார்த்து வேளார் வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். பொன்னுருவி விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.

"என்ன துணிச்சல் உனக்கு!" ராசா சீறினார்.

"நானும் ஒரு கணக்கு எடுத்துக்கிறேன் ராசா. சபைப் பெரியவங்களே, கதவு சாத்தியிருக்கிறதால உள்ளே வர முடியாதவங்க யாரு? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"பாத்தீங்களா? ஒருத்தருக்கும் குறையே இல்லை. நூற்றுக்கு நூறு!"

தடதடவென்று கதவு அதிர்ந்தது. "எவன்டா தாழ்ப்பாள் போட்டது? திற!"

"அங்கே யார் கத்துவது?" என்றார் ராசா.

"யாருமில்லை ராசா. வெளியே நிக்கிறவரு என் கணக்குல வரமாட்டாரு, கூழைப்பாறை அந்த ஐயா கணக்குல வராத மாதிரி."

ராசாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் முகம் சுண்டிப்போயிற்று. கதவைத் திறக்கச் சொன்னார்.

"வேளாரே, பாதை இருக்கிற ஊருக்கு மட்டும் போய்விட்டா பாதை நன்றாயிருக்கிறது என்றீர்? பல்லக்கை இங்கேயே விட்டுவிட்டு, அது போகாத ஊருக்கெல்லாம் நடந்து போய்ப் பார்த்து வாரும்."

பன்னிரண்டு நாள் கழித்து, காலெல்லாம் முள்கீறலோடு வேளார் வந்து நின்றார். முப்பத்தேழு ஊர்ப் பெயரைத் தலைநிமிராமல் சொன்னார். ஊஞ்சல் ஆசை அன்றோடு ஒழிந்தது.

"இனி யார் கணக்குச் சொன்னாலும் எங்கே போகவில்லை என்பதை முதலில் சொல்லணும். அதைக் கேட்க இந்த அம்மாவுக்குச் சபையில் ஓர் இடம்" என்றார் ராசா.

அந்த ஐப்பசியில் ஓடை இரு கரையும் தொட்டு ஓடியது. பொன்னுருவி புதுக் கல்பாலத்தின் மேல் நடந்துபோய்க் கூழைப்பாறையில் மூன்று பிரசவம் பார்த்தாள். மூன்று தாய்மாரும் பிழைத்தார்கள்.